ஏழாம் நம்பர் பாயிண்ட்: கையால் கட்டிய மாடல் ரயிலுடன் ஆறு வருடம்

போன ஞாயிற்றுக்கிழமை மலையை அறுத்தேன். நிஜ மலை இல்லை. ஆறு வருடத்துக்கு முன் தெர்மோகோலும் பிளாஸ்டர் துணியும் வைத்து நானே எழுப்பியது. அதற்குள் சுரங்கப்பாதை, சுரங்கப்பாதைக்குள் ஏழாம் நம்பர் பாயிண்ட். பாயிண்ட் என்றால் ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடம். அறுத்த தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் போன் செய்தார். அவரும் மாடல் ரயில் தொடங்கப்போகிறாராம். பலகை தயார், வரைபடம் தயார். "பாயிண்டை எல்லாம் உன்னை மாதிரி கையாலயே செஞ்சிடலாமா, இல்ல ரெடிமேடா வாங்கிடலாமா?" என்றார். கேட்ட நேரம் சரியில்லை. அப்போது சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. கோபம் கொஞ்சம் ஆறிய பிறகு எழுதுவது இது. முழுக்க ஆறிவிட்டது என்று சொல்லமாட்டேன்.

எச்ஓ அளவு, 1:87, அதாவது நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு. 'ட' மாதிரி மடங்கும் பலகை, ஒரு கை 3.6 மீட்டர், இன்னொன்று 2.4. ஒரு ஸ்டேஷன், சின்ன யார்டு, அந்த மலை. டிசிசி கட்டுப்பாடு, அதாவது தண்டவாளம் வழியாகவே ஒவ்வோர் எஞ்சினுக்கும் தனித்தனியாகக் கட்டளை போகும். ஒன்பது பாயிண்ட், ஒன்பதும் கைவேலை. மற்ற விவரமெல்லாம் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குத் தெரிந்ததுதான்.

நன்றாக இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கடைசியில் சொல்ல மனசு வராது. பிளைவுட் மேல் ஒட்டிய கெட்டி ஃபோம் இத்தனை வருடத்தில் ஓர் இடத்தில்கூட வளையவில்லை. பெட்டிகளின் பிளாஸ்டிக் சக்கரங்களைக் கழற்றிவிட்டு உலோகச் சக்கரம் மாட்டினேன்; தண்டவாளத்தில் கறுப்பு படிவது கண்ணெதிரே குறைந்தது. ஜல்லி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கர்வம் உண்டு. பரப்பிய ஜல்லியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தெளித்து நன்றாக நனைத்த பிறகுதான் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். நனைக்காமல் விட்டால் பசை முத்து முத்தாக உருண்டு ஜல்லியையும் இழுத்துக்கொண்டு போகும். முதல் அரை மீட்டரை அப்படித்தான் பாழாக்கினேன். அது இன்னும் குட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிறது, ஒரு வேலி வைத்து மறைத்திருக்கிறேன். மரங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மரம் மாதிரி இருக்கின்றன.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஸ்டேஷன் வாசலில் கிடைத்தது. ரெடிமேட் பாயிண்டில் ஒரு கால் நேராகப் போகும், இன்னொரு கால் அதற்கென்று வைத்த கோணத்தில் பிரியும். நாலைந்தை அடுத்தடுத்துப் போட்டால் பாதை இடது, வலது, மறுபடி இடது என்று ஒடியும். நீளமான பெட்டிகள் ஒவ்வொரு ஒடிவிலும் தலையை ஆட்டும். கையால் செய்யும்போது அந்தத் தொல்லை இல்லை. என் ஸ்டேஷன் வாசலில் முதன்மைப் பாதையே மெல்லிய வளைவு. அந்த வளைவைக் காகிதத்தில் வரைந்து பலகையில் ஒட்டி, பாயிண்டுகளை அதன் மேலேயே கட்டினேன். நிஜத்தில் மணிக்கு 40 கி.மீ. என்றால் 1:87-இல் விநாடிக்கு 13 செ.மீ.கூட இல்லை. அந்த வேகத்தில் ஏழு பெட்டி ரயில் உள்ளே வரும்போது கன்னத்தைப் பலகையில் வைத்துப் பார்ப்பேன். ஒரு பெட்டி எந்த இடத்தில் சாய்ந்ததோ அதே இடத்தில்தான் அடுத்ததும் சாயும். எந்தச் சக்கரமும் எங்கேயும் தடுக்காது, குதிக்காது. ஆறு வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் சலிக்கவில்லை. இதை எந்தப் பெட்டியிலும் அடைத்து விற்க முடியாது.

சரி, அந்தப் பாயிண்டை எப்படிச் செய்கிறோம் என்பதையும் சொன்னால்தான் என் புலம்பல் புரியும். தண்டவாளம் நிக்கல் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும். ஆறாம் நம்பர் கோணம், அதாவது ஆறு பங்கு போனால் ஒரு பங்கு விலகும், சுமார் 9.5 டிகிரி. அந்தக் கோணத்துக்கு இரண்டு துண்டு தண்டவாளத்தை அரத்தால் ராவி, முனையோடு முனை சேர்த்துச் சால்டர் வைத்தால் அம்பு நுனி மாதிரி ஒரு துண்டு வரும். ஆங்கிலத்தில் அதை ஃபிராக் என்பார்கள், தவளை! குதிரைக் குளம்பின் அடியில் இருக்கும் ஆப்பு வடிவப் பகுதிக்கும் அங்கே அதே பெயர்தான். செம்பு பூசிய சர்க்யூட் போர்டை ஸ்லீப்பர் அளவுக்கு நறுக்கி, அதன் மேல் இந்தத் தவளையையும் மற்றத் தண்டவாளங்களையும் உட்காரவைத்துப் பற்றவைக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்லீப்பரிலும் செம்புப் பூச்சின் குறுக்கே ஒரு கீறல் போட்டுத் துண்டிக்க மறக்கக்கூடாது. ஒன்றில் மறந்தாலும் இடது தண்டவாளமும் வலது தண்டவாளமும் கைகோத்துக்கொள்ளும், ஷார்ட் சர்க்யூட். அப்புறம் என்எம்ஆர்ஏ என்ற அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தின் அளவுத் தகட்டை, அதாவது கேஜை, வைத்து ஒவ்வோர் இடைவெளியையும் பார்க்க வேண்டும். சக்கர விளிம்பு போகும் பள்ளம் 1.3 மி.மீ.க்குள்தான். கேஜ் சரி என்று சொன்னாலும் நான் விரல்நகத்தால் ஒருமுறை தடவிப் பார்ப்பேன். நகம் தட்டினால் சக்கரமும் தட்டும். முதல் பாயிண்டுக்கு மூன்று வாரம் ஆனது, குப்பைக்குப் போனது. ஒன்பதாவதுக்கு இரண்டு சாயங்காலம்.

இதையே பெரிய தவம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 1435 மி.மீ. அகல நிஜப் பாதையை (ஸ்டாண்டர்ட் கேஜ்) 87-ஆல் வகுத்தால் 16.5 வந்துவிடும், எச்ஓகாரர்களுக்குக் கவலையில்லை. பிரிட்டனின் ஓஓ என்ற அளவுக்காரர்கள் 1:76 ரயிலை அதே 16.5 தண்டவாளத்தில் ஓட்டுகிறார்கள். பாதை அகலம் கொஞ்சம் ஒடுக்கம். அது பொறுக்காத சிலர் 18.83 மி.மீ. என்று சரியான அகலம் வைத்துக்கொண்டு, பாதை, சக்கரம் எல்லாவற்றையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்கிறார்கள். புள்ளிக்குப் பின்னால் கடைசியில் அந்த 3-ஐப் பார்த்ததும் என் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

தவளைக்கு வருவோம். இடது தண்டவாளமும் வலது தண்டவாளமும் சந்திக்கும் இடம் அது. இரண்டிலும் வேறு வேறு மின்சாரம். அதனால் அந்தத் துண்டை இரண்டு பக்கத்திலிருந்தும் துண்டித்து, பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கத்து மின்சாரத்தை மட்டும் ஒரு சுவிட்ச் வழியாகக் கொடுக்க வேண்டும். பாயிண்ட் மோட்டாரிலேயே அந்தச் சுவிட்ச் இருக்கும். ஆக, ஒரு தவளைக்கு ஒரே ஒரு வயர். அந்த ஒரே ஒரு வயர்தான் என் இரண்டு வருடத்தைத் தின்றது.

என்னிடம் யார்டில் பெட்டிகளை இழுத்து மாற்றும் நாலு சக்கர ஷன்டிங் எஞ்சின் ஒன்று இருக்கிறது. பெரிய எஞ்சின்கள் எட்டு, பன்னிரண்டு சக்கரத்தில் மின்சாரம் எடுப்பதால் தவளை செத்துக் கிடந்தாலும் தாண்டிவிடும். இந்தச் சின்னதற்கு ஒரு பக்கத்துச் சக்கரம் இரண்டும் ஒரே நேரத்தில் தவளை மேல் இருக்கும். தவளைக்கு மின்சாரம் இல்லையென்றால் இதற்கும் இல்லை. முதல் நாலு வருடம் எல்லாப் பாயிண்டிலும் ராஜா மாதிரி போய்வந்தது. திடீரென்று ஒருநாள் ஏழில் நின்றது, அதுவும் சுரங்கத்துக்குள். மறுநாள் போனது. அதற்கு மறுநாள் நின்றது.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. நீளமான பெயிண்ட் பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டு சுரங்க வாயில் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொள்வாள். "அப்பா, நின்னுடுச்சு" என்று ஒரு குரல், பிரஷ் காம்பால் ஒரு தள்ளு, எஞ்சின் மறுபக்கம் வரும். இரண்டு வருடம் இதுதான் எங்கள் சிக்னல் முறை.

நான் சும்மா இருக்கவில்லை. தண்டவாள அழுக்கு என்று நினைத்து வாராவாரம் துடைத்தேன். சுரண்டும் ரப்பர் கட்டியால் தேய்த்து மேல்பரப்பில் கீறல் விழுந்து, அதில் அழுக்கு இன்னும் நன்றாகத் தங்கியதுதான் மிச்சம். அப்புறம் எஞ்சினுக்குள் டிசிசி கட்டளையைப் படிக்கும் டெக்கோடரைச் சந்தேகப்பட்டு மாற்றினேன். மழைக்காலத்தில் பலகை ஈரத்தில் உப்புகிறதோ என்று பார்த்தேன். மூன்று மீட்டர் தண்டவாளம் 20 டிகிரி சூடேறினால் ஒரு மி.மீ. அளவுதான் நீளும், மரம் ஈரத்துக்கு அசைவதுதான் பாதையைப் படுத்தும். ஆனால் என் பலகை அசையவில்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பலகைக்கு அடியில் சுவிட்சிலும், இன்னொரு முனையை நீள வயரில் கட்டிச் சுரங்கத்துக்குள் தவளை மேலும் வைத்தேன். 'பீப்' என்றது. வயர் சரி என்று அர்த்தம். பத்து முறை வைத்தேன், பத்து முறையும் பீப்.

அந்தப் பீப்பை நம்பியதுதான் என் முட்டாள்தனம். பெரும்பாலான மல்டிமீட்டர்கள் சில பத்து ஓம் தடை இருந்தாலும் பீப் அடிக்கும். அது அனுப்பும் மின்சாரமோ தூசு அளவு. 30 ஓம் தடை இருக்கும் இணைப்பில் 0.3 ஆம்பியர் இழுக்கும் மோட்டாரை ஓட்டிப் பாருங்கள், 9 வோல்ட் அங்கேயே காணாமல் போகும். கடைசியில் காரிலிருந்து கழற்றிய பழைய 12 வோல்ட், 5 வாட் பல்பு ஒன்றுதான் உண்மையைச் சொன்னது. அதன் ஒரு காலைத் தவளையிலும் இன்னொன்றை எதிர்த் தண்டவாளத்திலும் வைத்துப் பார்த்தேன். ஒன்று முதல் ஆறு வரை பளிச்சென்று எரிந்தது. ஏழில் அணையப்போகும் ஊதுவத்தி மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி.

அதற்கப்புறம்தான் மலையை அறுத்தேன். பசையில் இறுகிய ஜல்லியைத் தண்ணீர் விட்டு ஊறவைத்துச் சுரண்டினால், தவளையின் வயிற்றில் பச்சையாக ஒரு பூஞ்சை மாதிரி. வயரைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. அது சால்டரில் ஒட்டிக்கொண்டிருக்கவே இல்லை, சும்மா சாய்ந்துகொண்டிருந்தது. பிடித்து நிறுத்தியது ஜல்லிப் பசை.

பார்த்த உடனே ஞாபகம் வந்துவிட்டது. அந்த மாதம் சால்டர் பிடிக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. சால்டர் பிடிக்கத் தடவும் பசைதான் ஃபிளக்ஸ்; பிளம்பர்கள் செம்புக் குழாய்க்குத் தடவும் ஆசிட் ஃபிளக்ஸைக் கொஞ்சம் தொட்டுவைத்தேன். தண்ணீர் மாதிரி ஓடிப் பிடித்துக்கொண்டது, எனக்கு ஒரே குஷி. வேலை முடிந்ததும் அதைக் கழுவ வேண்டும். நான் காகிதத்தால் துடைத்தேன். மிச்சமிருந்த ஆசிட் நாலு வருடம் பொறுமையாக வயரைத் தின்றிருக்கிறது. மின்சார வேலைக்கு ரோசின் ஃபிளக்ஸ்தான் என்று எனக்குத் தெரியாததில்லை. தெரிந்தேதான் செய்தேன்.

ரிப்பேருக்கு ஆன நேரம் பத்து நிமிடம். புது வயர், ரோசின், ஒரு தொடுதல். மலையைத் திரும்ப எழுப்ப ஒரு வாரம் ஆகும். இந்தத் தடவை மேல்பாதி கழற்றி வைக்கிற மாதிரி. யாராவது சுரங்கத்துக்குள் பாயிண்ட் வைக்கப்போகிறேன் என்றால் தடுங்கள். வைத்தே ஆகவேண்டும் என்றால் கைநுழையும் அளவுக்குப் பின்பக்கம் ஒரு திறப்பு விடச் சொல்லுங்கள். பிரஷ் நுழையும் அளவு போதாது. முதல் நாளிலேயே ஒவ்வொரு தவளையிலும் பல்பு வைத்துப் பார்க்கவும் சொல்லுங்கள்.

நியாயமாகப் பார்த்தால் குற்றம் பாயிண்டின் மேல் இல்லை. அந்த ஏழாம் நம்பரைக் கேஜ் வைத்து அளந்தேன், ஆறு வருடத்துக்கு அப்புறமும் எல்லா இடைவெளியும் அப்படியே இருந்தது. ஒரு பெட்டிகூட அதில் தடம்புரண்டதில்லை. ரெடிமேட் பாயிண்டுக்கும் இதே மாதிரி ஒரு வயர் வைக்க வேண்டியிருந்திருக்கும், அதையும் இதே கையால்தான் பற்றவைத்திருப்பேன். இதெல்லாம் எனக்குத் தெரியும். போன மாதம் கேட்டிருந்தால் கைவேலைக்குப் பத்துக்கு ஒன்பது கொடுத்திருப்பேன். இன்றைக்கு நாலு. ஸ்டேஷன் வாசலுக்காக ஒன்று கூட்டி ஐந்து, அதற்கு மேல் கேட்காதீர்கள்.

நண்பருக்கு நேற்று பதில் அனுப்பினேன்: "வாங்கிப் போடு." அவர் உடனே ஸ்டேஷன் வாசல் படத்தைத் திருப்பி அனுப்பி, "அப்போ இந்த வளைவு எப்படி வரும்?" என்று கேட்டிருக்கிறார். இன்னும் பதில் போடவில்லை.

ஷன்டிங் எஞ்சின் இப்போது ஏழில் நிற்பதில்லை. இன்று காலை இருபது தடவை போகவைத்தேன். மகள் நாலாவது தடவையோடு எழுந்து போய்விட்டாள். பிரஷ் மட்டும் சுரங்க வாயில் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. எடுத்துவிடலாம் என்று கையை நீட்டி, அப்படியே விட்டுவிட்டேன். நாலாம் நம்பர் பாயிண்டின் வயரையும் அதே மாதத்தில்தான் பற்றவைத்தேன்.