விமானந்தாங்கியா, நீர்மூழ்கியா?

கடலே இல்லாத கிருஷ்ணகிரியில் இந்த வாதம் எதற்கு என்று கேட்காதீர்கள். ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளுக்கான பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் நம் ஓசூரும் இருக்கிறது. சீனாவோ 2012 முதல் மூன்று விமானந்தாங்கிகளைச் சேர்த்துவிட்டது. நம் கடற்படைக்கு அடுத்து எது வாங்கலாம்: போர் விமானங்களைச் சுமக்கும் விமானந்தாங்கிக் கப்பலா, நீர்மூழ்கிக் கப்பலா?

செலவு: நம் விக்ராந்த் விமானந்தாங்கி ஒன்றுக்கே சுமார் 20,000 கோடி, போர் விமானங்கள் தனி. கொஞ்சம் கூடப் போட்டால் ஆறு கல்வரி ரக நீர்மூழ்கிகள்.

ஆட்கள்: விமானந்தாங்கியில் சுமார் 1,600 பேர், நீர்மூழ்கியில் நாற்பத்துச் சொச்சம்.

தப்பிப்பது: விமானந்தாங்கி செயற்கைக்கோள் கண்ணில் படும். நீர்மூழ்கி மறையும், ஆனால் டீசல் ரகம் பேட்டரி சார்ஜ் ஏற்ற மேலே வரவேண்டும்.

போர் அபாயம்தான் சிக்கல். விமானந்தாங்கி வருவது தெரியும், எதிரி யோசிக்க நேரம் உண்டு. நீர்மூழ்கி எங்கே என்று தெரியாத பதற்றத்தில் தப்புக்கணக்கு எளிது.

தூரக்கடலில் சரக்குக் கப்பல்களுக்குத் துணை போக விமானந்தாங்கி. மலாக்கா நீரிணை என்ற குறுகிய கடல்வழியின் வாயிலைக் கண்காணிக்க நீர்மூழ்கி. என் கைக்காசு என்றால், முதலில் நீர்மூழ்கிதான்.