குடக் கணக்கு கோவைக்குப் போனது: எஸ்ஏவியா, சிஎஸ்வியா?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் வீடு வீடாகக் குடிநீர்க் கணக்கெடுத்தோம். கேள்வித்தாள் தமிழில். டேட்டா ஏற்றியது இங்கே உபுண்டு கம்ப்யூட்டரில், பிஎஸ்பிபி என்ற இலவச புள்ளியியல் மென்பொருளில். அதை அலசும் அக்கா கோவையில் விண்டோஸும், அதே வேலை செய்யும் எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளும் வைத்திருக்கிறார். எந்த ஃபைலாக அனுப்புவது என்று நாலு வழி பார்த்துவிட்டு, எஸ்பிஎஸ்எஸ்ஸின் சொந்த வடிவமான, பிஎஸ்பிபியும் எழுதும் எஸ்ஏவியில் நின்றோம்.

சிஎஸ்வி என்பது காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்து ஃபைல். எங்கும் திறக்கும், அதில் பேச்சே இல்லை. ஆனால் நடுவில் யாராவது எக்செல்லில் திறந்து சேமித்தால் தொல்லை. இங்கே வீட்டு எண் வார்டோடு சேர்ந்து வரும். ஐந்தாம் வார்டு 12ஆம் வீடு என்றால் 5/12. எக்செல் அதை டிசம்பர் 5 ஆக்கிவிட்டது.

அதைக்கூடத் திருத்திக்கொள்ளலாம். என்னை சிஎஸ்வியிலிருந்து விலக்கியது வேறு. "ஒரு நாளைக்கு எத்தனை குடம்?" என்ற கேள்விக்கு 88 என்றால் 'தெரியாது', 99 என்றால் 'பதில் சொல்லவில்லை'. எஸ்ஏவி ஃபைலுக்குள்ளேயே இந்த விளக்கமும், இவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற குறிப்பும் இருக்கும். சிஎஸ்வியில் வெறும் எண்தான் போகும். ஒன்பது வீட்டில் 8 குடம், பத்தாவது வீட்டில் 99 என்று வையுங்கள்: சராசரி 8 இருக்க வேண்டியது 17.1 ஆகும். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெரு, குறையே இல்லாத தெருவாகிவிடும்.

ஆர் என்ற புள்ளியியல் மொழியில் அலசுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதன் ஹேவன் தொகுப்பு எஸ்ஏவியை நன்றாகவே படிக்கும். ஆனால் 'யூசர் என்ஏ' என்ற தெரிவை இயக்காமல் விட்டால் 88, 99 இரண்டையும் ஒரே வெற்றிடமாக்கிவிடும். சராசரி சரியாக வரும்; விஷயம் போய்விடும். 88 சொன்னவர்கள் பெரும்பாலும் ஆண்கள். "எனக்கென்னங் கண்ணு தெரியும், அவளத்தான் கேக்கோணும்" என்றார் ஒரு பெரியவர். தண்ணீர் சுமப்பது யார் என்பதற்கு அந்த 88தான் எங்களிடம் இருந்த சாட்சி. அதை இழக்க எனக்கு மனமில்லை.

எஸ்ஏஎஸ் என்ற புள்ளியியல் மென்பொருளின் டிரான்ஸ்போர்ட் ஃபைலான எக்ஸ்பிடிக்குப் பெரிய மதிப்பு உண்டு. அமெரிக்க மருந்து ஆணையமே ஆய்வு டேட்டாவை அதில் வாங்குகிறது. ஆனால் அதன் ஐந்தாம் பதிப்பில் மாறியின் (டேட்டாவின் ஒரு பத்தி) பெயருக்கு 8 எழுத்து, அதை விளக்கும் லேபிளுக்கு 40 பைட். எல்லா மொழி எழுத்துகளுக்குமான யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். 'கொழிஞ்சாம்பாறை' என்ற ஊர்ப்பெயர் மட்டுமே 42 பைட்! தவிர, எண்ணுக்கான விளக்கங்கள் அந்த ஃபைலுக்குள் வருவதில்லை. விளக்கப் பட்டியலின் பெயர்தான் வரும், பட்டியல் வேறு ஃபைலில். எஸ்பிஎஸ்எஸ்ஸின் பழைய போர்ட்டபிள் வடிவம் யூனிகோடுக்கு முந்தியது, தமிழுக்கு வேண்டாம்.

ஸ்டாட்டா என்ற இன்னொரு புள்ளியியல் மென்பொருளின் டிடிஏ ஃபைல் எனக்குப் பழக்கம் குறைவு, தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். 2015இல் வந்த 14ஆம் பதிப்பிலிருந்துதான் அதில் யூனிகோட். அதில் சேமித்ததை 13இல் திறக்க முடியாது. சேவ்ஓல்ட் கட்டளையால் பழைய வடிவில் சேமித்துக் கொடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஸ்டாட்டாவே இருந்தால் நானும் அதைத்தான் எடுத்திருப்பேனோ என்னவோ.

எஸ்ஏவியிலும் ஒரு குழப்பம் வரும். யூனிகோட் அல்லாத முறையில் சேமித்த பழைய ஃபைலை யூனிகோட் முறையில் இருக்கும் எஸ்பிஎஸ்எஸ் திறந்தால், எழுத்துப் பத்திகளின் அகலத்தை மூன்று மடங்காக்கிவிடும். பயப்பட வேண்டாம், அது எழுத்துகளுக்கு இடம் விடுகிறது, அவ்வளவுதான். எங்களுடையது சில நூறு வரி ஃபைல். லட்சக்கணக்கான வரிகளை நான் இப்படி அனுப்பிப் பார்த்ததில்லை.

ஃபைல் போய்ச் சேர்ந்ததும் அக்காவுக்கு போன் போட்டோம். மொத்தம் எத்தனை வரி, 88 எத்தனை, 99 எத்தனை என்று அவர் படிக்க, இங்கே தாளில் பார்த்துக்கொண்டே வந்தோம். மூன்றும் ஒத்துப்போன பிறகுதான் பென் டிரைவில் இருந்த பிரதியை அழித்தேன்.