கீழக்கரை கருப்பட்டி தொதல்: எனக்குப் புடிச்ச கடை, எதைப் பாத்து வாங்கணும்

முதல்லயே சொல்லிடுறேன், ராமநாதபுரம் பக்கத்துல இருக்குற கீழக்கரைக்குப் போனா கருப்பட்டி தொதல் வாங்குங்க, சீனி போட்டத வாங்காதீங்க. சீனித் தொதல் இனிக்கும், அவ்ளோதான், ரெண்டு துண்டுக்கு மேல திகட்டிரும். கருப்பட்டில செஞ்சதுல இனிப்புக்குப் பின்னாடி லேசா ஒரு உப்பு, கொஞ்சம் புகை வாசம், எல்லாம் சேந்து வரும், அதனாலயே கை திரும்பத் திரும்ப பொட்டலத்துக்குப் போகும். விலை கூடத்தான், ஆனா அந்த ருசிக்குக் குடுக்கலாம்.

தெரியாதவங்களுக்கு: தொதல்னா பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி, முந்திரி, ஏலக்காய். சிலர் ஜவ்வரிசியும் சேப்பாங்க. "அல்வா தானே"ன்னு வெளியூர் ஃப்ரெண்ட்ஸ் கேப்பாங்க, அல்வாவே இல்லங்க. திருநெல்வேலி அல்வா கோதுமைப்பாலும் நெய்யும், வாயில போட்டா வழுக்கிக்கிட்டு உள்ள போயிரும். தொதல மெல்லணும், மெல்ல மெல்லத்தான் தேங்காய்ப்பால் ருசி வரும். மலேசியா, இந்தோனேசியா, இலங்கைன்னு எல்லா இடத்துலயும் இதே பண்டம் இருக்கு, கடல் வியாபாரம் செஞ்ச மரைக்காயர்மாருங்க கப்பல்ல போய் வந்த ஊரு கீழக்கரை, அங்கிட்டும் இங்கிட்டும் சாமானோட சேத்து சமையலும் போய் வந்திருக்கு. அதுல எங்க ஊர்ப் பக்கம் பனங்கருப்பட்டி கெடைக்குது, சாயல்குடி பக்கம் பூரா பனங்காடு தான், அதனால இங்க செய்யிற தொதலுக்குன்னு தனி ருசி இருக்குன்னு நான் அடிச்சு சொல்வேன்.

நான் வாங்குற கடைக்கு போர்டெல்லாம் கிடையாது. வீட்டுக்கு முன்னாடி ஒரு கண்ணாடி அலமாரி, பின்கட்டுல விறகடுப்பு. பாய் வெளிய நிப்பாரு, அவர் வீட்டுக்கார அக்கா உள்ள அளவெல்லாம் பாத்துக்குவாங்க. கடைத்தெருவுல யாரக் கேட்டாலும் வழி சொல்லிருவாங்க. மத்தியானத்துக்கு மேல போனீங்கன்னா கிண்டுறதையே பாக்கலாம், அதுக்காகவே நான் அந்த நேரத்துல போவேன்.

பெரிய உருளி, அதுல மொதல்ல, ரெண்டாவதா பிழிஞ்ச தேங்காய்ப்பால்ல மாவக் கரைச்சு கட்டியில்லாம காச்சுறாங்க, கருப்பட்டிய தனியா கரைச்சு மண்ணு போக வடிகட்டி ஊத்துறாங்க, அப்புறம் தலைப்பால், அதாவது மொதல்ல பிழிஞ்ச கெட்டிப்பால். இதுக்கு மேல வேற வேலையே இல்ல, கிண்டுறது மட்டும் தான், ஆனா அதுதான் வேலையே. ஆள் ஒசரத்துக்கு முக்கால்வாசி இருக்கும் அந்த மரத்துடுப்பு, ரெண்டு பேரு மாத்தி மாத்தி பிடிக்கிறாங்க, மணிக்கணக்கா, கொஞ்சம் விட்டாலும் அடிப்பிடிச்சிரும். மொதல்ல தண்ணியா இருக்குறது கெட்டியாகி பொளக் பொளக்னு கொமிழி விட ஆரம்பிக்கும், தெறிச்சு கையில பட்டா பொத்துப்போயிரும், அதுக்குத் தான் கையில துணியச் சுத்திக்கிறாங்க. இன்னும் கிண்டக் கிண்ட தேங்காய்ப்பால்ல இருக்குற தண்ணி பூரா வத்தி எண்ணெய் பிரிஞ்சு உருளி ஓரத்துல ஒரு கோடு மாதிரி நிக்கும். அப்புறம் அந்த எண்ணெய்லயே மாவு வேகுது. வெளியிலருந்து ஒரு சொட்டு நெய்யோ எண்ணெய்யோ ஊத்தலைங்க, நான் நின்னு பாத்தேன்.

நான் பொறுமை இல்லாம "பாய், இன்னும் எவ்ளோ நேரம் ஆகும்"னு கேட்டேன். "எண்ணெய் பூரா வெளிய வரட்டும் தம்பி. அவசரப்பட்டு இறக்குனா நாலு நாள்ல பூசணம் புடிச்சிரும், சவுதிக்கு கொண்டு போற பிள்ளைங்க என்னையத் தான் ஏசும்"னாரு. கீழக்கரைல பாதி வீட்டுல யாராச்சும் வளைகுடாவுலயோ சிங்கப்பூர்லயோ இருப்பாங்க, லீவு முடிஞ்சு கெளம்புற பெட்டில தொதல் பொட்டலம் இல்லாம இருக்காது. அந்தப் பயணத்தத் தாங்கணும்னு நெனச்சுத் தான் அவர் ஒவ்வொரு தடவையும் கிண்டுறாரு, அந்த அக்கறை தான் எனக்கு அந்தக் கடைய புடிக்கிறதுக்கு மொதக் காரணம்.

இறக்கி தட்டுல கொட்டுனதும் அக்கா ஒரு ஓரத்த வெரலால அமுக்கிப் பாத்தாங்க, வெரல்ல ஒட்டல, எண்ணெய் மட்டும் மினுமினுன்னு பட்டுச்சு, "ம், சரி"ன்னு உள்ள போயிட்டாங்க. நீங்களும் வாங்கும்போது இதத் தான் பாக்கணும். கையில பிசுபிசுன்னு ஒட்டுனா சரியா கிண்டலன்னு அர்த்தம். வாயில போட்டு மென்னு முழுங்குன பிறகு மேல்வாயில மெழுகு மாதிரி ஏதாச்சும் படிஞ்சு நின்னா அது தேங்காய் எண்ணெய் இல்ல, வனஸ்பதி கிவஸ்பதி சேத்திருக்காங்க. நம்ம கடைத் தொதல் முழுங்குனா வாய் சுத்தமாயிரும், தேங்காய் வாசம் மட்டும் கொஞ்ச நேரம் நிக்கும். வழியில ஒரு கடையில ஊருக்கு அவசரமா வாங்கிட்டுப் போன பொட்டலத்துல சிக்கு வாடை அடிச்சுச்சு, பழசு, காசு கேட்டதுக்கு மொறச்சாங்க. அதுக்கப்புறம் செய்யிற எடத்துலயே போய் வாங்குறதோட சரி.

கருப்பட்டியிலயே இப்ப சீனி கலப்படம் நெறைய வருது, அது பெரிய தலைவலி. பாய் பதநீர் சீசன்லயே தெரிஞ்ச ஆளுங்ககிட்ட வாங்கி ஸ்டாக் வச்சுக்குறாரு. ஒரு வில்லைய ஒடச்சு சாப்பிடக் குடுத்தாரு, தனியா சாப்பிடவே அவ்ளோ நல்லாருந்துச்சு.

குறைன்னா ரெண்டு இருக்கு. சூடு ஆறுறதுக்கு முன்னாடியே பாலித்தீன் கவர்ல போட்டுக் கட்டிர்றாங்க, உள்ள வேர்த்து ஓரமெல்லாம் ஈரமாயிருது. இவ்ளோ பாடுபட்டு தண்ணிய வத்த வச்சுட்டு கடைசில கவருக்குள்ள தண்ணிய விட்டா எப்படிங்க, மனசு கேக்கல, சொல்லிட்டு வந்தேன். ஆறவச்சு ஓலைக் கொட்டான்ல வச்சுக் குடுத்தா எவ்ளோ நல்லாருக்கும், பனை ஓலைக்கு எங்க ஊர்ல பஞ்சமா. இன்னொன்னு, செஞ்ச தேதி எழுதுறதில்ல. கேட்டா உண்மையச் சொல்றாங்க, இருந்தாலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டலாம்.

நான் சாப்பிடுற விதம் சொல்றேன், இது என் விருப்பம். ராத்திரி சாப்பாடு முடிஞ்சு மொட்டை மாடில உக்காந்து, பால் விடாத சுக்கு டீ சூடா ஒரு டம்ளர், சக்கரை போடாம. ஒரு கடி தொதல், ஒரு வாய் டீ. சுக்கோட காரமும் கருப்பட்டியும் சேரும்போது இருக்குற சுகமே தனி. கூட நாகூர் ஹனிபா பாட்டு, பேரு தான் நாகூர், பொறந்தது எங்க ராமநாதபுரத்துல, 1925ல. அந்தக் கணீர் குரல் கடற்காத்தோட வந்தா அன்னைக்கு ஆபீஸ்ல நடந்ததெல்லாம் மறந்து போயிரும். எங்க அம்மாவுக்கு டீ கூட வேணாம், தொதல் சாப்பிட்டுட்டு ரெண்டு காராச்சேவு வாயில போட்டா போதும்பாங்க, அதுவும் நல்ல காம்பினேஷன் தான்.

ஃப்ரிட்ஜ்ல மட்டும் வைக்காதீங்க. தேங்காய் எண்ணெய் குளிர்ல உறையிற மாதிரியே இதுவும் மேல வெள்ளையா படிஞ்சு கல்லு மாதிரி ஆயிரும், கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டவங்கள எனக்குத் தெரியும். வெளிய எடுத்து வச்சா தானா எளகிரும், அவசரம்னா தோசைக்கல்லுல சிம்ல வச்சு லேசா சூடு பண்ணுங்க, ஓரம் கொஞ்சம் முறுகி இன்னும் நல்லாருக்கும். ஈரக் கை படாம மூடி வச்சா நம்ம வெயிலுக்கே நல்லா தாங்கும்.

அதே கடையில வட்டலப்பமும் செஞ்சு தர்றாங்க, முட்டையும் தேங்காய்ப்பாலும் போட்டு அவிச்சது, ஆனா முந்தின நாளே சொல்லணும். அது சுமாருக்கு மேல, பிரமாதம்னு சொல்ல மாட்டேன், முட்டை வாசம் கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு. தொதலுக்கு 5க்கு 4.5, அந்த அரை கவருக்காகக் கொறச்சது.

ராமநாதபுரத்துலருந்து திருப்புல்லாணி வழியா போற பஸ்ல ஏறுனா அரை மணி நேரம், கொஞ்சம் கூட ஆகலாம். காலைல போறவங்க திருப்புல்லாணில இறங்கி ஆதி ஜெகந்நாதர சேவிச்சுட்டு பாயசப் பிரசாதம் கெடைச்சா விடாதீங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்துல கடை அடைச்சிருக்கும், தொழுகை முடிஞ்சு ஆள் வந்தப்புறம் போங்க. ரெண்டு பெருநாளுக்கும் முந்தின வாரம் நேர்ல போய் நின்னா கெடைக்காது, வெளிநாட்டு ஆர்டரே தாங்காது அவங்களுக்கு, முன்னாடியே போய் எத்தன கிலோன்னு சொல்லி வச்சுட்டு வந்துருங்க. சொல்லும்போதே "கருப்பட்டி தான், ஆறவச்சுக் கட்டுங்க"ன்னு சேத்து சொல்லிருங்க.