காளான் வற்றலும் ஐந்து மழைக்காலமும்

கடலூரில், அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் வீடு. உப்பு ஜாடியைத் திறந்தால் உப்பே கசிந்துதான் கிடக்கும். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு காய்ந்த காளானை வருடக்கணக்கில் வைத்திருப்பது பற்றி எழுதுவது கொஞ்சம் துணிச்சல்தான். ஆனால் 2020 முதல் செய்துவருகிறேன், ஐந்து வடகிழக்குப் பருவமழையைப் பார்த்தாயிற்று. கொடைக்கானல் போய்வந்த நண்பர்கள் காளான் என்றதும் கண்ணடிப்பார்கள். அவர்கள் நினைக்கும் போதைக்காளான் இல்லை, இது குழம்பில் போடும் சிப்பிக்காளான்.

பின்கட்டில் ஒரு சின்னக் குடில், உள்ளே தொங்கும் வைக்கோல் படுக்கைகள். ஊரடங்கு வந்தபோது வழக்கமாக வாங்கும் ஹோட்டல்கள் மூடிவிட்டன, படுக்கைகளுக்கு அது தெரியுமா? அவை பாட்டுக்குப் பூத்துக்கொண்டே இருந்தன. சிப்பிக்காளான் வெளியில் ஒரு நாள், ஃப்ரிட்ஜில் நாலைந்து நாள், அவ்வளவுதான் தாங்கும். வேறு வழியில்லாமல் காயவைத்தேன். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்பதால் பத்துக் கிலோ பறித்தால் கையில் மிஞ்சுவது ஒரு கிலோ.

முதல் வருடம் எல்லாம் நாட்டு முறைதான். மொட்டைமாடியில் பழைய வேட்டி, இரண்டு நாள் வெயில், அப்புறம் எவர்சில்வர் டப்பா. அந்த நவம்பர் கடைசியில் நிவர் புயல் வந்து போனது. மழை விட்டபின் டப்பாவைத் திறந்தால் பழைய கோணி வாடை. காளானின் செவுள் மடிப்புகளில் சாம்பலும் பச்சையுமாகப் பூசணம். மேலே நன்றாக இருந்ததைப் பொறுக்கி எடுக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். கண்ணுக்குத் தெரியும் பூசணத்தைப் பொறுக்கினாலும் தெரியாதது உள்ளே இருக்கும். முழு டப்பாவும் எருக்குழிக்குப் போயிற்று.

குற்றத்தை டப்பா தலையில் போட்டுவிட்டு வேறு டப்பா தேட ஆரம்பித்தேன். பக்கத்துத் தெருவில் கருவாடு விற்கும் அக்கா ஒருவர் அடுத்த முறை காயவைத்திருந்ததை எடுத்துப் பார்த்தார். "என்ன தம்பி, இது எங்க காஞ்சிருக்கு? கருவாட்டை வளைச்சா பாப்போம்? ஒடிச்சில்ல பாக்கணும்!" குடைப் பகுதி படக்கென்று ஒடிந்தது. காம்பின் அடித்தூர் செருப்புத் தோல் மாதிரி வளைந்தது, ஒடியவில்லை. விஷயம் அங்கேதான் இருந்தது. மெல்லிய ஓரம் காய்ந்ததைப் பார்த்து மொத்தமும் காய்ந்ததாக நினைத்துவிட்டேன். தூரில் நிற்கும் ஈரம் மூடிய டப்பாவுக்குள் மெல்லப் பரவி, நன்றாகக் காய்ந்த துண்டுகளையும் பதமாக்கிவிடுகிறது. நெல்லுக்குச் சொல்வார்களே 'காய்ச்சல் போதாது' என்று, அதே கதை.

இப்போது அடித்தூரை முதலிலேயே வெட்டிவிடுகிறேன், அதைச் சூப்புக்கு வைத்துக்கொள்ளலாம். குடையை நீளவாக்கில் விரல் அகலத்துக்குக் கிழித்து, செவுள் மேலே பார்க்க அரை நாள் வெயில். வெயிலின் புற ஊதாக்கதிர் பட்டால் காளானில் உள்ள எர்கோஸ்டெரால் என்ற பொருள் வைட்டமின் டி2 ஆக மாறும், அதற்காகத்தான். மிச்சக் காய்ச்சலை மின் உலர்த்தி பார்த்துக்கொள்கிறது: 50 டிகிரியில் தொடங்கி 60க்குள், எட்டிலிருந்து பத்து மணி நேரம். எடுத்தவுடன் சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும். சரி, ஆறட்டும் என்று விட்டுவிட்டு சீரியல் பார்க்கப் போனாலும் கெட்டது. இங்கே ஒரு மணி நேரத்தில் அப்பளம் நமத்துப்போகிற மாதிரி காளானும் நமத்துவிடும். பதினைந்து, இருபது நிமிடம், கை சூடு தணிந்ததும் மூடிவிட வேண்டும்.

மூடியதோடு முடிவதில்லை. முதல் ஒரு வாரம் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு தினம் ஒருமுறை குலுக்கிப் பார்க்கிறேன். சோழிபோலக் கலகலவென்று சத்தம் வர வேண்டும். சத்தம் மந்தமானால் திரும்பவும் உலர்த்திக்கு.

பாத்திரம் என்று பார்த்தால், ஜிப் வைத்த பாலிதீன் பைதான் என்னை ரொம்ப ஏமாற்றியது. தண்ணீர் ஒழுகாத பைக்குள் ஈரக்காற்று எப்படிப் போகும் என்று நினைத்திருந்தேன். போகிறது. பாலிதீன் வழியாக நீராவி மெல்ல மெல்ல ஊடுருவும். செப்டம்பரில் 100 கிராம் எடைபோட்டு மூடிய பை டிசம்பரில் 109 கிராம் காட்டியது. பையைத் திறக்கவே இல்லை, கூடிய 9 கிராமும் தண்ணீர். அன்றிலிருந்து எல்லாப் பாட்டிலையும் மூடும்போது மொத்த எடையை ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தராசில் வைத்தால் போதும், திறந்து பார்க்க வேண்டியதில்லை. இந்த ஐந்து வருடத்தில் நான் கண்டுபிடித்த ஒரே புத்திசாலித்தனம் இதுதான் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

வெற்றிடப் பை இன்னொரு சறுக்கல். காய்ந்த காளான் முனை ஊசிபோல் இருக்கும். காற்றை உறிஞ்சி இறுக்கும்போது பையைக் குத்திவிடுகிறது, ஓட்டை கண்ணுக்கே தெரியாது. மறுநாள் காலை பை தளர்ந்து கிடக்கும்போதுதான் தெரியும். காகிதத்தில் சுற்றி வைத்தால் ஓரளவு தப்பும். நான் அந்த இயந்திரத்தைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன்.

நிலைத்தது ரப்பர் வளையமும் கம்பிப் பூட்டும் கொண்ட கண்ணாடி ஜாடிதான். அதில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. நீல மணிகள் வேண்டாம், அந்த நிறம் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப்பொருள். சாப்பாட்டுப் பொருளோடு அதை வைக்க எனக்கு மனமில்லை. ஆரஞ்சு மணி வாங்குகிறேன். ஈரம் குடித்துப் பச்சையானதும் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகிவிடும். ஒன்று சொல்ல வேண்டும், சிலிக்கா ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்ளுமே தவிர, அரைகுறையாகக் காய்ந்த காளானைக் காயவைத்துத் தராது. முதலில் நானும் அப்படி நம்பி ஒரு ஜாடியை இழந்தேன். ஆக்சிஜன் உறிஞ்சும் இரும்புத்தூள் பொட்டலத்தையும் கூடவே போட்டுப் பார்த்தேன். அந்த இரும்பு துருப்பிடிக்கக் கொஞ்சம் ஈரம் வேண்டும், சிலிக்காவோ அந்த ஈரத்தையும் விடாது. இரண்டையும் ஒரே ஜாடியில் போடுவது காசுக்குக் கேடு.

ஃப்ரீசரில் வைத்தால் நிறமும் மணமும் நன்றாகவே நின்றன. ஆனால் 2024இல் ஃபெஞ்சல் புயலின்போது எங்கள் பகுதியில் மின்சாரம் போனது. நான் செய்த தவறு, பதறிப்போய் ஜாடியைத் திறந்து பார்த்தது. குளிர்ந்த காளான் மேல் ஈரக்காற்று பட்டதும் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்துக்கொண்டது. மூடியபடியே அறைச் சூட்டுக்கு வரவிட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இப்போது ஃப்ரீசரை வேறு வேலைக்கு வைத்திருக்கிறேன்: புதிதாகக் காய்ந்த ஒவ்வொரு தொகுதியும் நன்றாக மூடிய நிலையில் நாலு நாள் அங்கே இருந்துவிட்டுத்தான் அலமாரிக்கு வரும். 2022இல் ஒரு ஜாடி முழுக்க நூலாம்படை பின்னிவிட்ட அந்துப்பூச்சியின் முட்டைகளுக்கு அது பதில். வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போட்டதில் எனக்குப் பலன் தெரியவில்லை, காளான்தான் காரமேறிப் போனது.

பொடியாக்கி வைக்காதீர்கள். பொடி ஈரத்தையும் காற்றையும் துண்டைவிட வேகமாக இழுத்துக் கட்டிதட்டும். பத்து நாளைக்கு வேண்டியதை மட்டும் மிக்ஸியில் அரைத்துக்கொள்கிறேன். அதே மாதிரி பெரிய ஜாடி ஒன்றைவிடச் சின்ன ஜாடி ஆறு மேல். தினம் திறக்கும் ஜாடியில் எந்தச் சிலிக்காவும் நிற்காது.

2021 மாசியில் மூடிய ஜாடி ஒன்றை, எடை 2 கிராம்கூடக் கூடாத ஒன்றை, இந்தச் சித்திரையில் திறந்தேன். நிறம் சந்தனத்திலிருந்து பழுப்புக்கு வந்திருந்தது. ஒடித்தால் இன்னும் படக்கென்றுதான் ஒடிந்தது. மணம் பாதிதான். அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து (அதற்கு மேல் வெளியில் விடுவதில்லை, ஊறிய காளான் பச்சைக் காளான் மாதிரியே கெடும்), ஊறிய தண்ணீரை வடிகட்டி, இரண்டையும் மிளகுக் குழம்பில் போட்டேன். இரண்டு வருடச் சரக்கோடு வைத்தால் வித்தியாசம் தெரிகிறது, தனியாகச் சாப்பிட்டால் தெரியாது. அம்மா ஒரு கரண்டி கூடுதலாகக் கேட்டார், காளானின் வயதை நான் சொல்லவில்லை.