வடபழனியில் ஒரு வருட மெடிக்கல் அசிஸ்டென்ட் கோர்ஸ்: கட்டிய 48,000 ரூபாய் எங்கே போனது

பயிற்சி நிலையத்தின் பெயரைப் போடவில்லை. என் ஒரிஜினல் சர்டிபிகேட் இன்னும் அவர்கள் பீரோவில்தான் இருக்கிறது. அது கைக்கு வரும்வரை எனக்கு வாய் கொஞ்சம் அடக்கம்தான். வடபழனியில் ஒரு பேக்கரிக்கு மேல் இரண்டாவது மாடி, கட்டணம் 48,000, மூன்று தவணை. ஆறு மாதம் வகுப்பு, நான்கு மாதம் மருத்துவமனை போஸ்டிங், மிச்ச இரண்டு மாதம் "வேலைக்குத் தயார்படுத்துதல்" என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். எனக்கு வயது 34. பிளஸ் டூ முடித்துப் பதினேழு வருடம் ஆகிறது. நடுவில் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், தி.நகர் புடவைக் கடையில் ஆறு வருட வேலை.

சேரும் அன்று ரிசப்ஷனில் இருந்தவர், "இதை முடிச்சா கவர்மென்ட் ஸ்டாஃப் நர்ஸுக்கே அப்ளை பண்ணலாம் மேடம்" என்றார். பண்ண முடியாது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ) அல்லது பிஎஸ்சி நர்சிங் கேட்கும், நர்சிங் கவுன்சில் பதிவும் கேட்கும். நம் சர்டிபிகேட் அந்த வரிசையிலேயே வராது. நாம் அசிஸ்டென்ட். வைட்டல்ஸ் (பிபி, நாடி, மூச்சு, காய்ச்சல்) பார்ப்பது, நோயாளியைத் தயார் செய்வது, சாம்பிளை லேபுக்குக் கொண்டுபோவது, ஓபியில் வெளிநோயாளிகளைக் கவனிப்பது இதெல்லாம் நம் வேலை. நல்ல வேலைதான். ஆனால் நர்ஸ் வேலை என்று நினைத்துக்கொண்டு பணம் கட்டாதீர்கள். என் பேட்ச்சில் இரண்டு பெண்கள் அப்படித்தான் கட்டினார்கள். மூன்றாவது மாதம் விஷயம் தெரிந்து ஒருத்தி நின்றுவிட்டாள், கட்டிய பணம் திரும்ப வரவில்லை.

தியரி வகுப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. புத்தகத்தைப் பார்த்து வாசித்தார்கள், நாங்கள் எழுதிக்கொண்டோம்.

பிராக்டிகல் வகுப்பு என்றால் அது தனிக் கதை. ஏதோ அரசு மருத்துவமனையில் வார்டு சிஸ்டராக இருந்து ரிட்டயர் ஆன ஒருவர் எடுத்தார். எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். 22 பேருக்கு ஒரே ஒரு பிளாஸ்டிக் கைதான் இருந்தது. அதன் ரப்பர் நரம்பு குத்திக் குத்தி ஓட்டையாகி, சிவப்புச் சாயம் மேஜை முழுக்க ஒழுகும். அக்கா அந்தக் கையைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டு, "உங்க கை இருக்கே, அது போதும்" என்று எங்களையே எங்களுக்கு நோயாளி ஆக்கினார். முதல் இரண்டு வாரம் பிபி மட்டும். ஐந்து நிமிடம் உட்கார வைக்காமல் பார்த்தால் திட்டு. ஸ்லீவ் மேல் கஃப் (கையைச் சுற்றும் காற்றுப் பட்டை) கட்டினால் திட்டு. பருமனான கைக்குச் சின்ன கஃப் கட்டினால் பிபி இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்று வாயால் சொல்லவில்லை, எங்கள் பேட்ச் பையன் ஒருவன் கையில் இரண்டு கஃபையும் மாற்றி மாற்றிக் கட்டிக் காட்டினார். மணிக்கட்டில் நாடி மறையும் இடத்தைப் பார்த்து, அதற்கு மேல் 30 ஏற்றி, பிறகு மெதுவாக இறக்க வேண்டும். வினாடிக்கு இரண்டு மி.மீ., அதாவது ஒரு சின்னக் கோடு. அவசரப்பட்டு இறக்கினால் பக்கத்தில் வந்து நின்று, "பஸ் ஏதாவது புடிக்கணுமா?" என்பார்.

மூச்சு எண்ணுவதற்கு அவர் சொன்ன தந்திரத்தை இன்றும் தினமும் செய்கிறேன். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் ஆள் மூச்சை மாற்றிவிடுவார். அதனால் நாடி பார்த்து முடித்த பிறகும் கையை விடாமல், இன்னும் நாடி பார்ப்பது போலவே பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பார்த்து எண்ண வேண்டும்.

குப்பைக்கு ஒரு முழு வாரம். கையுறை, ரத்தப் பஞ்சு, ஊசி, உடைந்த ஆம்பியூல் (மருந்துக் கண்ணாடிக் குப்பி) எல்லாவற்றையும் தரையில் கொட்டிவிட்டு எந்த டப்பாவில் எது என்று கேட்பார். பஞ்சு மஞ்சளுக்கு, கையுறை சிவப்புக்கு, ஊசி துளைக்க முடியாத வெள்ளைக்கு, கண்ணாடி நீலத்துக்கு. 2016 மருத்துவக் கழிவு விதிகளில் இருப்பது இதுதான். ஊசிக்கு மூடி போடப் போனால் கையிலேயே ஒரு தட்டு. போஸ்டிங்கில் முதல் நாளே இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் சிஸ்டர் எங்களைக் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். வேறு நிலையத்திலிருந்து வந்திருந்த நான்கு பேரும் முழித்தார்கள். எங்களுக்கு அன்று கொஞ்சம் கர்வம்.

போஸ்டிங்குக்கு எங்களைத் தயார் செய்த விதத்தில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி. மூன்று டோஸ்: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். சேர்ந்த அன்றே சொல்லியிருந்தால் வகுப்பு முடியும்போது மூன்றும் முடிந்திருக்கும். இவர்கள் போஸ்டிங்குக்கு ஒரு வாரம் முன்பு சொன்னார்கள். அதனால் முதல் இரண்டு மாதம் ஊசி, ரத்தம் பக்கமே என்னை விடவில்லை. பெட்ஷீட் மாற்றினேன், வீல்சேர் தள்ளினேன். நீங்கள் எங்கே சேர்ந்தாலும் முதல் டோஸை முதலில் போட்டுக்கொள்ளுங்கள், அட்டையையும் பத்திரமாக வையுங்கள்.

கிட் என்று 2,500 தனியாக வாங்கினார்கள். அதில் இருந்த ஸ்டெதாஸ்கோப்பில் என் இதயமே எனக்குக் கேட்கவில்லை. பார்க் டவுன் நைனியப்ப நாயக்கன் தெருவில் 850 ரூபாய்க்கு வேறொன்று வாங்கினேன், அது இன்றும் ஓடுகிறது. யூனிஃபார்ம் துணியைப் பற்றிப் பெண்களுக்கு மட்டும் தனியாகச் சொல்கிறேன்: உள்ளே ஸ்லிப் போடாமல் முடியாது.

வடசென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் போஸ்டிங். காலை ஷிப்ட் ஏழு மணிக்கு. வில்லிவாக்கத்தில் விடிவதற்கு முன் ரயில் ஏறி ஓடுவேன். மூன்றாவது மாதம் ரத்தம் எடுப்பவருக்கு டியூப் எடுத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. முதல் நோயாளிக்கே ஊதா மூடியை முதலில் நீட்டினேன். அவர் குத்தாமல் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீலம், சிவப்பு, ஊதா, சாம்பல். இதை மாத்தாதம்மா" என்றார். ஊதா டியூப்பில் இருக்கும் மருந்து ஒரு துளி சிவப்புக்குள் போனாலும் பொட்டாசியம் தாறுமாறாகக் கூடிக் காட்டும், டாக்டர் இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்ப்பார். எங்கள் புத்தகத்தில் இந்த வரிசை இருந்தது. ஏன் என்பது இல்லை. ஏன் என்று தெரியாமல் படித்தது மறந்துபோனது.

இனி அந்தக் கடைசி இரண்டு மாதம். இதற்கு நான் ஒரு ரூபாய்கூடக் கொடுத்திருக்க மாட்டேன். 14 மருத்துவமனை எண்கள் கொண்ட ஒரு ஜெராக்ஸ் தாள் தந்தார்கள், அதில் மூன்று எண் உபயோகத்திலேயே இல்லை. ரெசியூமே அவர்களே அடித்துக் கொடுத்தார்கள். 22 பேருக்கும் ஒரே ரெசியூமே, பெயர் மட்டும் வேறு. என் பொழுதுபோக்கு கேரம் என்று இருந்தது. கேரம் போர்டை நான் தொட்டதுகூட இல்லை. முதல் இன்டர்வியூவில் எச்ஆர் மேடம், "நீங்களும் கேரமா? இன்னைக்கு நீங்க நாலாவது ஆள்" என்று சிரித்தார். எனக்கு அந்த நாற்காலியிலேயே வேலை போய்விட்டது.

வீட்டுக்கு வந்து ஒரே பக்கத்தில் நானே எழுதினேன். எந்த வார்டில் எத்தனை வாரம், எதைத் தனியாகச் செய்தேன், எதை உடனிருந்து பார்த்தேன். புடவைக் கடை ஆறு வருடத்தையும் சேர்த்தேன், கூட்டத்தைச் சமாளித்த அனுபவம் ஓபிக்கு ஆகும். தமிழ், வீட்டில் பேசும் தெலுங்கு, கொஞ்சம் இந்தி. கிரீம்ஸ் ரோடு பக்கம் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வருவதால் அந்தக் கொஞ்சம் இந்தியைப் பற்றித்தான் எல்லா இன்டர்வியூவிலும் கேட்டார்கள். நடுவில் ஒரு கன்சல்டன்சி வேலைக்கு 5,000 கேட்டது. ஓர் இடத்தில் ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றார்கள். இரண்டு இடத்திலிருந்தும் எழுந்து வந்துவிட்டேன்.

ஐந்தாவது இன்டர்வியூ அண்ணா நகரில் ஒரு சுகர் கிளினிக். டாக்டர் தன் கையையே நீட்டி சுகர் பார்க்கச் சொன்னார். ஸ்பிரிட் காயும்வரை காத்திருந்தேன், விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தினேன், பிதுக்கவில்லை. அடுத்து இரண்டு இன்சுலின் சிரிஞ்சை மேஜையில் வைத்தார். சிவப்பு மூடி ஒரு மில்லிக்கு 40 யூனிட் இன்சுலினுக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட்டுக்கு என்றேன். "மாத்தி எடுத்தா?" என்றார். 100 யூனிட் வயலில் (இன்சுலின் குப்பி) இருந்து 40 சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட் என்றேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. இதைக் கோர்ஸில் யாரும் சொல்லித்தரவில்லை. வார்டில் ஒரு நைட் டியூட்டி சிஸ்டர் சொன்னது. சம்பளம் 13,500, ஞாயிறு லீவு.

எங்கள் தெருவில் இரண்டு பேர் அந்த நிலையத்தின் பெயரை நேரில் வந்து கேட்டார்கள், சொன்னேன். காலை பேட்ச்சில் மட்டும் சேரச் சொன்னேன். மாலை பேட்ச்சுக்கு அக்கா வருவதில்லை, வீடியோ போட்டுக் காட்டுகிறார்களாம்.