சிசிடிவி பில்லில் 'போர்ட் ஃபார்வர்டிங் கட்டணம்' என்று இருந்தால் உஷார்

ஈரோட்டில் எங்கள் குடோனுக்குக் கேமரா மாட்டியவர், பொருள் விலை, ஒயரிங், கூலி எல்லாம் போக, "ஸ்டேட்டிக் ஐபி, போர்ட் ஃபார்வர்டிங் – ஒரு வருடம்" என்று தனியாக ஒரு வரி போட்டு ரூ.3,500 வாங்கினார். (ஸ்டேட்டிக் ஐபி என்பது மாறாத இணைய முகவரி. போர்ட் என்பது ரவுட்டரில் எண் போட்ட கதவு மாதிரி, அதில் வெளியிலிருந்து வருவதை உள்ளே இருக்கும் ஒரு கருவிக்குத் திருப்பிவிடுவது போர்ட் ஃபார்வர்டிங்.) "அது இல்லாம போன்ல பாக்க முடியாதுங்கண்ணா, நெட் கம்பெனிக்குக் கட்டறதுங்க" என்றார். போனில் படம் வந்தது. அடுத்த வருடமும் வந்து அதே தொகையை வாங்கிக்கொண்டு போனார். எங்கள் இணைப்புக்கு ஸ்டேட்டிக் ஐபி என்று ஒன்று வாங்கப்படவே இல்லை.

குட்டு உடைந்தது வேறொரு வேலையில். குடோன் கம்ப்யூட்டரை வீட்டிலிருந்து வயர்கார்டு என்ற விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாக எட்ட வேண்டியிருந்தது. உபுண்டுவில் மினியுபிஎன்பிசி என்று ஒரு பேக்கேஜ் உண்டு. ரவுட்டரில் யுபிஎன்பி (உள்ளிருக்கும் கருவிகள் கேட்டால் போர்ட்டைத் திறந்துவிடும் வசதி) இயங்கினால், மெனு மெனுவாக அலையாமல் டெர்மினலில் ஒரே வரியில் போர்ட்டைத் திறக்கலாம், மூடலாம். வயர்கார்டுக்கான 51820 யுடிபி போர்ட்டைத் திறந்தேன். ரவுட்டரும் சரி என்றது. ஆனால் வெளியிலிருந்து ஒரு பாக்கெட்கூட உள்ளே வரவில்லை.

அதே கட்டளையை எஸ் என்ற ஆப்ஷனோடு கொடுத்தால் ரவுட்டர் தன் வெளி முகவரியைச் சொல்லும். 100.72 என்று ஆரம்பித்தது. அங்கேயே விஷயம் புரிந்துவிட்டது. 100.64 முதல் 100.127 வரை உள்ள முகவரிகள் 2012-ல் சிஜிநாட்டுக்காக ஒதுக்கப்பட்டவை. ஒரே பொது ஐபிக்குப் பின்னால் பல வாடிக்கையாளர்களை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு அது. நம் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும், நெட் கம்பெனி பக்கத்துக் கதவு மூடியேதான் இருக்கும். கஸ்டமர் கேரில் கேட்டேன். "உங்க அக்கவுண்ட்ல ஸ்டேட்டிக் ஐபி எதுவும் எடுக்கலையே சார்" என்றார்கள்.

அப்படியென்றால் போனில் படம் எப்படி வந்தது? டிவிஆர் (கேமராப் படங்களைப் பதிவுசெய்யும் பெட்டி) தானாகவே வெளியே போய்த் தயாரிப்பாளரின் சர்வரோடு இணைந்துகொள்கிறது. ஆப்பில் கியூஆர் ஸ்கேன் செய்யச் சொன்னாரே, அது இதற்குத்தான். இதற்கு போர்ட்டும் வேண்டாம், எங்கள் டிவிஆருக்குக் கட்டணமும் கிடையாது. எல் ஆப்ஷன் போட்டு, திறந்திருக்கும் போர்ட்களின் பட்டியலைப் பார்த்தேன். டிவிஆருக்கு 8000 என்று ஒரு விதி இருந்தது. டி ஆப்ஷனில் அதை நீக்கினேன். படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பணத்தைவிட ஆத்திரம் வந்தது அடுத்த விஷயத்தில். வயர்கார்டுக்காக கம்பெனியிடமே நேரடியாக நிஜ ஸ்டேட்டிக் ஐபி வாங்கினேன். அன்றைக்கே டிவிஆர் லாகில், முன்பின் தெரியாத முகவரிகளிலிருந்து 'அட்மின்' என்ற பெயரில் லாகின் முயற்சிகள் வரிசைகட்டி நின்றன. 8000-ஐத்தான் நீக்கிவிட்டோமே என்று ரவுட்டர் பக்கத்தைத் திறந்தால், டிவிஆரை டிஎம்இசட்டில் போட்டு வைத்திருக்கிறார் மனிதர். அப்படிப் போட்டால், வெளியிலிருந்து வருவதில் வேறு விதி இல்லாததெல்லாம் நேராக அதற்கே போகும். ரவுட்டர் பக்கத்தில் கையால் போடும் டிஎம்இசட் யுபிஎன்பி பட்டியலில் பெரும்பாலும் தெரியாது. சிஜிநாட் இருந்தவரை அது தூங்கிக்கொண்டிருந்தது, பொது ஐபி வந்ததும் விழித்துக்கொண்டது. பாஸ்வேர்டு என்ன தெரியுமா? அவர் கடைப் பெயரும் 123-உம். 2016-ல் மிராய் என்ற வைரஸ், தயாரிப்பாளர் போட்டு அனுப்பும், எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டுகளை வைத்துத்தான் டிவிஆர்களையும் கேமராக்களையும் படை படையாகப் பிடித்தது.

கேட்டதற்கு, "எல்லாருக்கும் இப்படித்தாங்கண்ணா பண்றோம், சர்வீஸ் சார்ஜுனு வெச்சுக்குங்களேன்" என்றார். அடுத்த வேலையில் கழித்துக்கொள்கிறாராம். அடுத்த வேலையாவது ஒன்றாவது!

உங்கள் பில்லில் இப்படி வரி இருந்தால், ஸ்டேட்டிக் ஐபி கட்டிய ரசீதை உங்கள் கணக்குப் பெயரில் காட்டச் சொல்லுங்கள். ரவுட்டர் காட்டும் வெளி முகவரியும், அதே இணைப்பில் கூகுளில் 'வாட் இஸ் மை ஐபி' என்று ஆங்கிலத்தில் தேடினால் வருவதும் ஒன்றுதானா என்று அவர் முன்னாலேயே பாருங்கள். வேறு வேறாக இருந்தால் போர்ட் கட்டணத்தைத் தரவே தராதீர்கள். போகிறவர் போகட்டும், ரவுட்டர் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு, டிஎம்இசட்டும் ரிமோட் மேனேஜ்மென்ட்டும் (ரவுட்டரை வெளியிலிருந்தே மாற்றும் வசதி) அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நான் யுபிஎன்பியையும் அணைத்துவிட்டு, 51820-ஐ மட்டும் கையால் போட்டிருக்கிறேன். கேமராவையும் இப்போது வயர்கார்டு வழியாகத்தான் பார்க்கிறோம்.