நெட்எம்: காசில்லாமல் கிடைக்கும் மோசமான நெட்வொர்க்

வேலூர் காந்தி ரோட்டு லாட்ஜ்களுக்கு அறை பதிவு செய்து தரும் சேவையைக் காட்பாடியில் ஒரு சின்ன ஆபீசிலிருந்து நடத்துகிறோம். அறை எடுப்பவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்காக வங்காளம், அசாம், திரிபுராவிலிருந்து வருபவர்கள். ஹவுரா ரயிலில் வந்துகொண்டே பதிவு செய்பவர்களும் உண்டு. ஆபீஸ் ஃபைபரில் பறக்கிற பக்கம் அவர்கள் போனில் எப்படித் திறக்கும்? அதைக் காட்பாடியில் உட்கார்ந்தபடியே பார்க்கத்தான் நெட்எம், நல்ல நெட்வொர்க்கை வேண்டுமென்றே மோசமாக்கிக் காட்டும் கருவி.

லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, காசு கிடையாது. நெட்வொர்க் போக்குவரத்தை ஆளும் ‘டிசி’ கட்டளையில் ஒரு வரி போதும்: இத்தனை மில்லிசெகண்ட் தாமதம், இத்தனை சதவீதம் பாக்கெட் (டேட்டா போகிற சின்னத் துண்டு) இழப்பு. ஒரே நேரத்தில் ஏராளமான கோரிக்கைகளை அனுப்பிப் பார்க்கும் வெறும் லோடு டெஸ்டில் எங்கள் சேவை ஜோராக நின்றது. ஆப் சர்வருக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே 300 மில்லிசெகண்ட் தாமதம் வைத்ததும் சாயம் வெளுத்தது. ஒரு வெப் பக்கம் டேட்டாபேஸிடம் 40 கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் அதற்கே 12 செகண்ட். அதற்குள் போன் பொறுமையிழந்து மறுபடி கேட்கும், பழைய கோரிக்கையும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஆள் கூடாமலே கூட்டம் கூடிவிடுகிறது. பெரிய சேவைகள் படுப்பதும் பல நேரம் இப்படித்தான்.

ஆனால் சிக்கல்களும் உண்டு. நெட்எம் வெளியே போகும் பாக்கெட்டைத்தான் பிடிக்கும். காட்பாடி பாலத்தில் ஒரு பக்கம் மட்டும் வண்டிகள் நிற்க, எதிர்ப்பக்கம் காலியாக ஓடுவது மாதிரி. உள்ளே வருவதையும் தாமதிக்க ‘ஐஎஃப்பி’ என்ற போலி இன்டர்ஃபேஸ் வேண்டும். சோதிக்கிற மெஷினிலேயே இழப்பை வைத்தால், தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பும் நெறிமுறையான டிசிபிக்கு அது தெரிந்துபோய், இழப்பே இல்லாத மாதிரி உடனே திருப்பி அனுப்பிவிடக்கூடும். கையேடே இதை எச்சரிக்கிறது. அதனால் நடுவில் ஒரு பழைய கம்ப்யூட்டரை இரு பக்கத்தையும் இணைக்கும் பிரிட்ஜாகப் போட்டு அதில் ஓட்டுங்கள்.

அப்புறம், தாமதத்தில் காத்திருக்கும் பாக்கெட்டுகளின் வரிசை. நாமாக மாற்றாவிட்டால் 1,000 பாக்கெட்தான் நிற்கும். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 200 மில்லிசெகண்ட் தாமதம் வைத்தால் 1,500 பைட் பாக்கெட்டுகள் சுமார் 1,700 காத்திருக்க வேண்டும். மீதியை நெட்எம் சத்தமில்லாமல் கொட்டிவிடும், நாம் சர்வரைத் திட்டிக்கொண்டிருப்போம். அந்த வரிசையின் அளவான ‘லிமிட்’டை உயர்த்திவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

ஒரே லேப்டாப்பில் நூற்றுக்கணக்கான போலி மெஷின்களும் அவற்றை இணைக்கும் ஸ்விட்சுகளும் வேண்டுமென்றால் மினிநெட் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் பிறந்தது, 2010இல் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வந்தது. தாமதத்துக்கும் இழப்புக்கும் அதுவும் உள்ளே நெட்எம்மைத்தான் கூப்பிடுகிறது. எந்த இணைப்பு அறுந்தால் எது படுக்கும் என்று பார்க்க அருமையான கருவி. ஆனால் அந்த மெஷின்கள் எல்லாம் ஒரே சிபியுவைப் பங்கு போடுவதால், ‘செகண்டுக்கு இத்தனை கோரிக்கை தாங்கும்’ என்ற எண்ணை அதிலிருந்து எடுத்து முதலாளியிடம் காட்டாதீர்கள்.

பயன்படுத்த எளிது என்று சொல்லமாட்டேன். ஏற்கெனவே வைத்த விதியின்மேல் இன்னொன்றை வைத்தால் பழைய கெர்னல்களில் ‘ஃபைல் எக்சிஸ்ட்ஸ்’ என்று மொட்டையாகச் சொல்லும், புதியவற்றில் வாசகம் வேறு. எந்த ஃபைல் என்று தேடவேண்டாம், ‘ஆட்’டுக்குப் பதில் ‘ரீப்ளேஸ்’ போட்டால் சரி. தூரத்து சர்வரில் 100 சதவீத இழப்பு வைப்பதாக இருந்தால், ஐந்து நிமிடத்தில் விதியைத் தானாக நீக்கும் கட்டளையை முதலில் ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த சர்வருக்குள் நுழைந்து வேலை செய்யும் உங்கள் எஸ்எஸ்ஹெச் இணைப்பும் சேர்ந்தே அறுந்துவிடும்.